ஓரம் எங்கே?

"ஓரமாய்ப் போ!" தமிழ் நாட்டில் பிறந்து வளர்ந்த எந்தக் குழந்தையும் இந்த உபதேசத்தைக் கேளாமல் இருந்திருக்க முடியாது. பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் பிள்ளையிடம் தாயார் சொல்கிறாள். சைக்கிளைத் திண்ணையிலிருந்து இறக்கும் பேத்தியிடம் பாட்டி சொல்கிறாள். பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரனும் தன் பாஷையில் அதையேதான் சொல்கிறது. உபதேசம் நல்ல உபதேசந்தான், சந்தேகமில்லை. ஆனால் காவேரிப் பாசனப் பிரதேசத்தில் ஏதாவது ஓர் ஆற்றங்கரைச் சாலையில் நின்றுகொண்டு, அந்த ஓரம் எங்கே இருக்கிறது என்று சற்றுத் தேடிப் பாருங்கள்.

ஒரு பக்கம் வாய்க்கால். மறு பக்கம் வயல். நடுவில் ஒரு பஸ் போகிற அகலத்துக்குத் தார். தாருக்கும் வாய்க்காலுக்கும் இடையில் இரண்டு முழம் மண் இருந்தால் அதிகம். அதிலும் பாதியைச் சீமைக்கருவேல முள் பிடித்துக்கொண்டிருக்கும். மீதியை மழை அரித்துக்கொண்டு போயிருக்கும். எதிரே பஸ்ஸும் பின்னே லாரியும் ஒரே சமயத்தில் வந்துவிட்டால் சைக்கிளில் போகிற பிள்ளை என்ன செய்கிறான்? கீழே குதித்து, சைக்கிளை முள்ளின்மேல் சாய்த்து, தானும் அதன்மேல் சாய்ந்துகொள்கிறான். அதுதான் அவனுக்கு வாய்த்த ஓரம்.

இந்தச் சாலைகளின் பேரில் குற்றம் சொல்லிப் பயனில்லை. அவற்றில் பல, சாலைகளாகப் பிறந்தவையே அல்ல. ஆற்றங்கரையாகவும் வாய்க்கால் கரையாகவும் இருந்தவை. முறைத் தண்ணீரைப் பார்க்கப் போகும் லஸ்கருக்கும், நாற்றுக் கட்டைச் சுமந்து போகும் ஆளுக்கும், நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிக்கும் போதுமான அகலம் அந்தக் கரைகளுக்கு இருந்தது. மாட்டு வண்டியின் வேகம் மனிதன் நடக்கும் வேகத்தைக் காட்டிலும் அப்படி ஒன்றும் அதிகமில்லை. ஆகையால் நடப்பவனும் வண்டியும் ஒரே தடத்தில் போவதில் அபாயமில்லை. பிறகு கப்பி வந்தது, தார் வந்தது, பஸ் வந்தது, மணல் லாரி வந்தது. அறுவடை இயந்திரத்தை முதுகில் சுமந்து செல்லும் பெரிய வண்டியும் வந்து சேர்ந்தது. கரையின் அகலம் மட்டும் பழைய அகலந்தான். அகலப்படுத்தலாமே என்றால், ஒரு பக்கம் தண்ணீரையும் மறு பக்கம் நெல்லையும் அல்லவா அழிக்க வேண்டும்? தஞ்சைக் குடியானவரிடம் அந்த யோசனையைச் சொல்லிப் பாருங்கள்!

இன்னொரு சங்கதி. சாலையைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய தாரின்மேலேயே புதுத் தாரைப் போடுகிறார்கள். நான்கு முறை இப்படிப் போட்ட பிறகு சாலை ஒரு சாண் உயர்ந்துவிடுகிறது. பக்கத்து மண்ணோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. மோட்டார்க்காரருக்கு இது ஒரு பொருட்டல்ல. சைக்கிள்காரனுக்கு உயிர்ப் பிரச்னை. பஸ்ஸுக்கு வழிவிட்டு மண்ணில் இறங்கியவன் மறுபடி தாரில் ஏறும்போது, முன் சக்கரம் அந்த விளிம்பில் உரசுகிறது. உரசியதும் சக்கரம் திரும்புகிறது. ஆள் சாலையின் உட்புறமாக விழுகிறான். அடுத்த வண்டி வந்துகொண்டிருப்பதும் அந்த இடத்தில்தான்.

2022-ஆம் வருஷத்தில் தமிழ் நாட்டில் பதிவான சாலை விபத்துக்கள் 64,105. அந்த வருஷம் வேறு எந்த ராஜ்யத்திலும் இத்தனை விபத்துக்கள் பதிவாகவில்லை. மாண்டவர்கள் 17,884 பேர். இந்தியா தேசம் முழுவதிலும் அவ்வருஷம் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது ஐந்து பேருக்கு ஒருவர், எந்த வண்டியிலும் ஏறாமல் தம் கால்களை நம்பி நடந்தவர்.

இந்தப் பிரதேசத்தில் அப்படி நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் யார்? விடியற்காலையில் நடவுக்கோ களையெடுப்புக்கோ வரிசையாகப் போகும் பெண்கள். பால் கறந்து எடுத்துப் போகிறவர். டியூஷன் முடிந்து இருட்டில் திரும்பும் பிள்ளைகள். இவர்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி ஓர் உபாத்தியாயன் என்ற முறையில் சற்று விஸ்தாரமாகச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

தஞ்சைக்குத் தெற்கே அடுத்த ஜில்லாவாகிய புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுத்தறிவிப்பதற்காக ஏற்பட்ட இயக்கம் அது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையாரின் ஆதரவில், எழுத்தோடு சைக்கிளையும் அது பெண்களுக்குக் கற்பித்தது. வயல் வேலைக்காரர்கள், கல் குவாரித் தொழிலாளிகள், கிராம நர்ஸுகள், பால்வாடி ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் பழகினார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். தகப்பனாரையும் புருஷனையும் பஸ்ஸையும் எதிர்பார்த்து நின்ற பெண் தானே புறப்பட்டுவிட்டாள். அப்புறம் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்த சர்க்கார், 2005-இல் அதைச் சர்க்கார் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவர் மாணவியர் எல்லாருக்கும் விஸ்தரித்தது. பதினோராம் வகுப்புக்கு வந்ததும் சைக்கிள் வரும் என்று காத்திருக்கும் பிள்ளைகளை நான் வருஷந்தோறும் பார்க்கிறேன். கிராமத்துப் பெண்ணின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுவிடாமல் தடுத்ததில் அந்தச் சைக்கிளுக்கு நல்ல பங்கு உண்டு.

சைக்கிள் கொடுத்தாயிற்று, அது ஓடுவதற்கு ஓரத்தை யாரும் கொடுக்கவில்லை. சாலையில் ஒரு விபத்து நேர்ந்தால் அந்த ஊரில் முதலில் நிற்பது பெண் குழந்தையின் சைக்கிள்தான். பையன் மறுநாளே போய்விடுவான். "நீ பஸ்ஸில் போ, அம்மா" என்று பெண்ணிடம் சொல்வார்கள். பஸ்ஸோ காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பரீட்சைக்கு முந்திய மாதங்களில் நடக்கும் மாலை வகுப்பு அவளுக்கு இல்லாமற் போய்விடுகிறது.

அபாயம் கிராமச் சாலையோடு நிற்பதும் அல்ல. 2024 ஜூலை 17, ஆடி மாதம் முதல் நாள். கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்குப் பாதயாத்திரையாகப் புறப்பட்ட கூட்டம் ஒன்று, தஞ்சாவூர் - திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் வளம்பக்குடி அருகே விடியும் நேரத்தில் போய்க்கொண்டிருந்தது. சரக்கு வண்டி ஒன்று அவர்கள்மேல் ஏறியது. ஐந்து உயிர்கள் போயின. இவர்கள் திடீரென்று சாலைக்கு வந்துவிட்டவர்கள் அல்லர். ஆடியில் சமயபுரத்துக்கு நடப்பது இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்த வழக்கம். ஆவணி கடைசியில் வேளாங்கண்ணிக்குக் காவி உடுத்தி நடப்பவர்களும், கந்தூரிக்கு நாகூர் போகிறவர்களும் அப்படித்தான். எந்த நாளில், எந்தச் சாலையில், எத்தனை பேர் நடப்பார்கள் என்று பஞ்சாங்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சாலை போடுகிறவர்கள் மட்டும் அந்தப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை.

வளம்பக்குடி வழியாகப் போகும் அந்தச் சாலைக்கு 83 என்று இலக்கம். கோயம்புத்தூரில் தொடங்கிப் பழனி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழியாக நாகப்பட்டினம் வரையில் வருவது. இதே சாலையில் மேற்கே பழனிப் பக்கம் போய்ப் பாருங்கள். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் நடந்து வரும் லட்சக்கணக்கான முருக பக்தர்களுக்காகச் சாலையை ஒட்டித் தனியாகக் கல் பாவிய நடைபாதை போட்டிருக்கிறார்கள். பக்தர்கள் போகாத நாட்களில் சுற்றுப்புறத்துக் கிராமத்தார் அதில் நடக்கிறார்கள். சாலையும் ஒன்று, இலக்கமும் ஒன்று. ஓர் இடத்தில் நடப்பவரையும் போக்குவரத்தாக எண்ணினார்கள். மற்றோர் இடத்தில் எண்ணவில்லை. நடப்பவர்களின் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிவிடுவது நல்ல காரியந்தான். போலீஸார் அதைச் செய்கிறார்கள். ஆனால் பட்டை பாதையாகிவிடுமா?

"நம் நாட்டில் இதெல்லாம் நடக்குமா? வெள்ளைக்கார தேசத்துச் சமாசாரம்" என்று சில நண்பர்கள் சொல்வதுண்டு. அந்த வெள்ளைக்கார தேசம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஹாலந்தும் நம் தஞ்சையைப் போலவே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மண்ணின்மேல் கரை கட்டி, வாய்க்கால் வெட்டி வாழ்கிற நாடு. அங்கே ஆதி முதல் சைக்கிள்காரனுக்கு ராஜ மரியாதை இருந்தது என்று எண்ண வேண்டாம். இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு மோட்டார் பெருகவே, அங்கும் சைக்கிளை ஓரங்கட்டினார்கள். 1971-இல் மட்டும் சுமார் 3,300 பேர் சாலையில் இறந்தார்கள். அவர்களில் 400-க்கு மேற்பட்டவர் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 1972-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பையே தங்கள் பெயராக வைத்துக்கொண்டு, பெற்றோர் சங்கம் ஒன்று கிளம்பிற்று. "குழந்தைக் கொலையை நிறுத்து" என்பது அந்தப் பெயரின் பொருள். டெல்ஃப்ட் என்ற ஊரிலோ, அதற்கு முன்பே குடியிருப்போர் தங்கள் தெருவைக் குழந்தைகள் விளையாடும் முற்றமாகக் கருதி, வண்டிகள் ஊர்ந்துதான் போக முடியும்படி மாற்றியமைத்திருந்தார்கள். 1976-இல் சட்டம் அதை ஒப்புக்கொண்டது. ஜனத்தொகையும் மோட்டார்களும் பெருகியும், சமீப வருஷங்களில் அத்தேசத்துச் சாலை மரணங்கள் வருஷத்துக்கு 700-ஐ ஒட்டி இருக்கின்றன. மந்திரிகள் பிற்பாடு வந்தார்கள்; முதலில் வந்தவர்கள் தெருக்காரர்கள்.

அவர்கள் முக்கியமாகக் கைவைத்தது வேகத்தில். கணக்கு எளிது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்குமேல் ஓடிவிடும். குறுக்கே வரும் குழந்தையைக் கண்டு டிரைவர் பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒரு விநாடி ஆகும். வேகம் 30 ஆனால் அந்தத் தூரம் 8 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரமோ பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. அகலப்படுத்த முடியாத கரைச் சாலையில், ஊர் எல்லைக்குள்ளாவது வேகத்தைப் பாதியாக்குவது ஓரத்தை உண்டாக்குவதற்குச் சமம். ஆனால் நம் ஊர்களில் வேகத்தடை என்ற பெயரில் இரவோடு இரவாகப் போடும் மண்மேடு உதவாது. வெள்ளைக் கோடும் அறிவிப்புப் பலகையும் இல்லாத மேட்டில் முதலில் விழுகிறவர், பின்னால் குழந்தையை வைத்து ஓட்டும் சைக்கிள்காரர்தான்.

நம் கிராமத்தார் என்ன செய்யலாம்? தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே. ஸி. குமரப்பா, காந்தியடிகளிடம் போய்ச் சேர்ந்ததும் செய்த முதல் பெரிய வேலை குஜராத்தின் மாதர் தாலுகாவில் கிராமம் கிராமமாகக் கணக்கெடுத்ததுதான். அந்த அறிக்கை 1931-இல் வெளிவந்தது. கிராமத்துக்கு வைத்தியம் சொல்வதற்கு முன்னால் நாடி பார்க்க வேண்டும் என்பது அவர் முறை. சாலைக்கும் அதுவே முறை. அதற்கு இஞ்சினீயர் வேண்டியதில்லை, பிள்ளைகள் போதும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம், வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் படமாக வரைந்து, பயப்படும் இடங்களில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொன்னேன். கைப்பிடிச் சுவர் உடைந்த மதகு, பெரிய நாய் இருக்கும் வளைவு, பஸ் வருவது தெரியாமல் மறைக்கும் புளியமரம், சாயங்காலத்தில் மதுக்கடைக்கு முன்னால் தாறுமாறாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் படத்தில் வந்தன. ஒன்று கவனித்தேன். பையன்களின் புள்ளிகள் பெரும்பாலும் வண்டி மோதும் இடங்களில் இருந்தன. பெண்களின் புள்ளிகளோ வெளிச்சமில்லாத இடங்களிலும் ஆட்கள் கூடி நிற்கும் இடங்களிலும் இருந்தன. ஒரே சாலைதான், இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்தான் முழுச் சாலையும் தெரிகிறது. எந்த உத்தியோகஸ்தரின் கோப்பிலும் அந்தப் படம் கிடையாது.

பிள்ளைகள் எல்லாருமே புள்ளி வைத்த ஓர் இடம் உண்டு. அது நெல் காயும் இடம். வெளியூர் நேயர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேற்பட்டால் சாதாரணமாக நெல்லை எடுப்பதில்லை. முன்பு ஆள் வைத்து அறுத்து, களத்தில் அடித்து, மெதுவாகக் காய வைத்தார்கள். இப்போது இயந்திரம் நாலு நாளில் ஊரையே அறுத்துக் கொட்டிவிடுகிறது. அத்தனை ஈர நெல்லையும் பரப்ப ஊரில் களம் ஏது? குடியானவர் வேறு வழியின்றித் தார்ச் சாலையில் பாதியை எடுத்துக்கொள்கிறார். நெல்லின்மேல் வண்டி ஏறாமலிருக்கக் கல்லை வரிசையாக வைக்கிறார். மீதிப் பாதியில் பஸ்ஸும் லாரியும் சைக்கிளும் நடவு ஆட்களும் போக வேண்டும். இருட்டினால் கல் தெரிவதில்லை. குடியானவரைத் திட்டுவது சுலபம். மேகம் கறுக்கும்போது அவர் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். ஆகவே இந்த ஊரில் சைக்கிள் போகிற பிள்ளைக்குச் செய்ய வேண்டிய முதல் பாதுகாப்பு, சிமெண்டுக் களம் ஒன்று கட்டுவதாக இருக்கலாம். தலைநகரில் உட்கார்ந்து சாலைப் பாதுகாப்புத் திட்டம் போடுகிறவர்களுக்கு இது ஒருநாளும் தோன்றாது. அவர்கள் பேரில் தப்பில்லை.

களம் ஊராட்சியின் வேலை. மதகுக் கைப்பிடிச் சுவர் நீர்வளத் துறையினுடையது. தாரும் விளிம்பும் நெடுஞ்சாலைத் துறையினுடையதாகவோ பஞ்சாயத்து யூனியனுடையதாகவோ இருக்கும். விளக்கு மறுபடி ஊராட்சியைச் சேரும். ஒரே மைல் சாலைக்கு மூன்று எஜமானர்கள். ஒருவரைக் கேட்டால் மற்றவரைக் காட்டுவார். இந்தக் கண்ணாமூச்சிக்கு மருந்து, இன்ன இடத்தில் இன்ன வேலை, இன்ன துறை என்று பிரித்து எழுதிய தீர்மானந்தான். அதை நிறைவேற்றும் சபையும் இருக்கிறது. 1994-ஆம் வருஷத்து ஊராட்சிச் சட்டத்தின்படி கூடும் கிராம சபை, 2022 முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கூட வேண்டும் என்பது ஏற்பாடு. பல ஊர்களில் இருபது பேர் வந்து கையெழுத்துப் போட்டுப் போய்விடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் படத்தைச் சுவரில் மாட்டி, தாய்மார்களையும் அழைத்து ஒருமுறை சபையைக் கூட்டிப் பாருங்கள். இருபது பேரோடு நிற்காது.

சட்டமும் இப்போது முன்போல் ஊமையாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோது, பாதசாரிகளையும் சைக்கிள் போன்ற இயந்திரமில்லா வாகனங்களையும் பற்றி ராஜ்ய சர்க்கார்கள் விதிகள் செய்யலாம் என்று ஓர் உட்பிரிவு சேர்ந்தது. கோயம்புத்தூர் எலும்பு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-இல் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த பொதுநல வழக்கு, இன்னும் உயிரோடிருந்து 2025-இல் அந்த விதிகளை ஆறு மாதத்துக்குள் செய்யும்படி எல்லா ராஜ்யங்களுக்கும் உத்தரவு வாங்கியிருக்கிறது. நொறுங்கிய எலும்புகளைக் கட்டிக் கட்டி அலுத்துப்போன வைத்தியர், எலும்பு நொறுங்கும் இடத்தையே தேடிப் போயிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"எல்லாரும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டார்களே, இன்னும் யாருக்காகப் பாதை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் சைக்கிள் வாங்கிய வீட்டிலும் பாட்டி கோயிலுக்கு நடந்துதான் போகிறாள். பதினாலு வயதுப் பெண் சைக்கிளில்தான் போகிறாள். அந்த மோட்டார் சைக்கிளை வீட்டுக்காரர் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்.

நடப்பவர்களுக்கு ஊரையே ஒழித்துக் கொடுப்பது நமக்குப் புதிய வித்தையும் அல்ல. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணத்து மகாமகக் குளக்கரையில் நேர்ந்த நெரிசலில் சுமார் 50 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகு 2004-இலும் 2016-இலும் வந்த மகாமகங்களில் ஊர் எல்லையிலேயே தற்காலிகப் பஸ் நிலையங்கள் வைத்து, வண்டிகளை அங்கே நிறுத்தி, குளத்துக்குப் போகவும் வரவும் தனித் தனி வழிகள் வகுத்தார்கள். அவ்வளவு பெரும் ஜனத்திரள் அந்தக் குறுகிய வீதிகளில் நடந்து போய் ஸ்நானம் செய்து திரும்பிற்று. அடுத்த மகாமகம் 2028-இல். அதற்கான வேலைகளுக்குத் திட்டம் போடும்போது, ரயில் நிலையத்திலிருந்தும் பள்ளிக்கூடங்களிலிருந்தும் குளத்துக்கு வரும் வழிகளில் அந்தப் பத்து நாளுக்காக அமைக்கும் நடைபாதையைப் பதினோராம் நாள் பெயர்த்தெடுக்காமல் விட்டுவைக்க வேண்டுமென்று, கும்பகோணம் மாநகராட்சியின் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் முன்கூட்டியே தீர்மானம் போட்டுக் கேட்கலாம்.